மொட்டைமாடியில் ஆறு மாதத் துரு சோதனை: எந்த ஸ்ப்ரே தாங்கியது, பெயரைச் சொல்லலாமா?

உப்புக்காத்து · திருவான்மியூர் · 4 பிப்ரவரி 2024

எங்கள் வீடு வால்மீகி நகரில், கடலிலிருந்து இரண்டாவது தெரு. இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கேட்டின் கீல் இரண்டு வருடம் தாங்கினால் அதிசயம். பூட்டுக்குள் சாவி நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. ஹார்டுவேர் கடைக்குப் போனால் கடைக்கு ஒரு டப்பாவைக் காட்டுகிறார்கள். யூடியூபில் ஒருவர் ஒரு ஸ்ப்ரேயை ஆகா ஓகோ என்கிறார், வீடியோவுக்குக் கீழே தள்ளுபடி கூப்பன் தொங்குகிறது. போன ஆகஸ்டில் பொறுமை போய், நாமே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

25க்கு 3 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டை ஒரு நீளம் வாங்கி, வெல்டிங் பட்டறையில் 75 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை போட வைத்தேன். தொங்கவிட 21 துண்டு, மிச்சம் இரண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோலில் துடைத்து, எண் குத்தி, தெரிந்த ஆசாரியிடம் நகைத் தராசில் எடை போட்டேன். துண்டு ஒன்று சுமார் 44 கிராம். ஆசாரி என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

ஏழு வகை, வகைக்கு மூன்று துண்டு: எதுவும் தடவாதது, தேங்காய் எண்ணெய், பைக்கிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயில், கிரீஸ், ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு கோட், கடையில் வாங்கிய ஸ்ப்ரே ஏ, ஸ்ப்ரே பி. டப்பாக்கள் இரண்டும் என் காசு. ஆகஸ்ட் 6 அன்று மாடியில் துணிக்கொடி மாதிரி நைலான் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், ஜனவரி 28 அன்று இறக்கினேன். எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, துருவைத் தேய்த்து எடுத்து, காயவைத்து மறுபடி எடை. குறைந்த எடை கிராமில்:

எதுவும் தடவாதது: 0.86, 0.91, 0.94
தேங்காய் எண்ணெய்: 0.71, 0.75, 0.80
வேஸ்ட் ஆயில்: 0.48, 0.52, 0.57
கிரீஸ்: 0.09, 0.12, 0.40
ஸ்ப்ரே ஏ: 0.77, 0.79, 0.83
ஸ்ப்ரே பி: 0.74, 0.78, 0.38

ரெட் ஆக்சைடு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஓட்டையைச் சுற்றியும் வெட்டிய ஓரங்களிலும் மட்டும் பொரிந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் தடவிய துண்டுகளைத் தேடி முதல் வாரமே எறும்பு வந்தது. அந்த உயரத்தில் கயிற்றின் வழியே எப்படி வந்தன என்பது தனி ஆராய்ச்சி.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அடித்த அன்று கயிற்றின் ஒரு முனை அறுந்துவிட்டது. கிரீஸ் துண்டு ஒன்று தரையில் உராய்ந்து இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. அந்த 0.40 அதுதான். மறைக்கவில்லை, அப்படியே போட்டிருக்கிறேன்.

ஸ்ப்ரேக்களின் பெயர் போடப்போவதில்லை. ஏன் என்று கேட்பீர்கள், கேளுங்கள்.

கொளத்தூர்_குமரன் · 4 பிப்ரவரி

அண்ணா, உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் இது என்ன நியாயம்? "ஒரு ஓட்டலில் சாப்பிட்டேன், சாம்பார் ஊசிப்போயிருந்தது, எந்த ஓட்டல் என்று சொல்ல மாட்டேன்" என்பது போல இருக்கிறது. ஆறு மாதம் காத்திருந்து ஏ, பி என்று அல்ஜீப்ரா நடத்தினால் நான் நாளை கடையில் போய் எதைக் கேட்பது?

சராசரி போட்டுப் பார்த்தேன். ஏ 0.80, பி 0.63. பியில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்லதாகத்தானே வந்திருக்கிறது, பியின் பெயரையாவது சொல்லுங்கள்.

லேப்_ரிட்டயர்டு · அம்பத்தூர் · 4 பிப்ரவரி

முப்பது வருடம் தொழிற்பேட்டையில் பிளேட்டிங் (உலோக முலாம்) வேலைக்குத் தரச் சோதனை செய்தவன். துணிக்கொடியில் இரும்பைக் காயப்போட்டு, எடையும் பார்த்து, மூன்று மூன்றாகவும் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். சந்தோஷம். இனி குறைகள்.

ஒன்று, கயிற்றில் எந்த வரிசையில் கட்டினீர்கள்? இரண்டு, பியின் மூன்றாவது துண்டு எங்கே தொங்கியது? 0.74, 0.78 பக்கத்தில் 0.38 வந்தால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று, ரெட் ஆக்சைடு துண்டுக்கு எடை போடாததற்குக் காரணம் புரிகிறது, பெயின்ட்டும் சேர்ந்து இருக்கும். ஆனால் அப்போது அதை மற்ற ஆறோடு ஒப்பிட்டுப் பேசக்கூடாது. நான்கு, துருவே பிடிக்காத புதுத் துண்டு ஒன்றையும் அதே எலுமிச்சை உப்பில் அதே ஒரு மணி நேரம் போட்டீர்களா? அமிலம் துருவை மட்டும் தின்னாது, நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். அதைக் கழிக்காமல் கிரீஸின் 0.09ஐ நம்ப முடியாது.

குமரன் தம்பி, சராசரி போடும் முன் எண்களைப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது.

உப்புக்காத்து · 4 பிப்ரவரி

சார், மாட்டிக்கொண்டேன். எழுதி வைத்த வரிசையிலேயே கட்டினேன்: வெறும் துண்டு மூன்று, தேங்காய் எண்ணெய் மூன்று என்று போய், கடைசியில் பி மூன்று. பியின் கடைசித் துண்டு தண்ணீர் தொட்டியின் பக்கத்தில். தொட்டிக்கு மறுபக்கம் கடல்.

இப்போதுதான் மாடிக்குப் போய் நின்று பார்த்தேன். அந்த முனையில் காற்றே அடிக்கவில்லை. நடுக்கயிற்றில் நின்றால் லுங்கி பறக்கிறது.

நான்காவது கேள்விக்குப் பதில்: போடவில்லை. துண்டு இரண்டு மிச்சம் இருக்கிறது, இன்றே போட்டுப் பார்க்கிறேன்.

கொளத்தூர்_குமரன் · 4 பிப்ரவரி

தொட்டி மறைத்து மழை படாமல் தப்பித்தது என்கிறீர்களா?

லேப்_ரிட்டயர்டு · 5 பிப்ரவரி

மழை படாததால் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கடலோரத்தில் கதை தலைகீழ். பெசன்ட் நகர் பக்கம் எந்தப் பழைய வீட்டையும் பாருங்கள், வெயிலும் மழையும் நேரே படும் கம்பியைவிட சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கம்பி முதலில் பொரியும். மழை, படிந்த உப்பைக் கழுவிவிடும். மழை படாத இடத்தில் உப்பு அப்படியே தங்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக்கொண்டு கரைந்துவிடும். சென்னையில் பெரும்பாலான இரவுகளில் அது நடக்கிறது. மழையே பெய்யாமல் இரும்பின் மேல் உப்புத் தண்ணீர்ப் படலம் ஒன்று தினமும் உட்கார்ந்து எழுந்து போகிறது.

தொட்டி செய்த வேலை வேறு. அது கடல் காற்றையே தடுத்துவிட்டது, உப்பு வந்து சேரவில்லை. பி காப்பாற்றியது என்று நாம் நினைத்த துண்டைக் காப்பாற்றியது சின்டெக்ஸ் தொட்டியோ சிமென்ட் தொட்டியோ, ஏதோ ஒரு தொட்டி.

அதனால் அந்த 0.38ஐ ஒதுக்கி வையுங்கள். மீதி எண்களில் ஏயும் பியும் ஒன்றுதான். நீங்கள் வகைக்கு ஒரு துண்டு மட்டும் வைத்து, பியின் அந்த ஒரே துண்டு தொட்டிப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பாதிக்குப் பாதி துரு குறைக்கும் பி" என்று தலைப்பே போட்டிருப்பீர்கள், நாங்களும் போய் வாங்கியிருப்போம்.

வெறும் துண்டுக்கு ஒரு கணக்கு போட்டேன். மேற்பரப்பு 43.5 சதுர செ.மீ., சராசரி இழப்பு 0.90 கிராம், அப்படியென்றால் சுமார் 26 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தேய்ந்திருக்கிறது. அரை வருடத்தில் இவ்வளவு என்றால் வருடத்துக்கு 55 பக்கம் வரும். ஓர் இடத்தில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வகை பிரிக்கும் ஐஎஸ்ஓ 9223 தரத்தில் வருடத்துக்கு 50 முதல் 80 மைக்ரான் தேய்ந்தால் சி4, அதாவது அரிப்பு அதிகமான வகை. முழு வருடம் தொங்கவிட்டு எடுக்க வேண்டிய அளவு அது, ஆரம்பத்தில் துரு வேகமாகவும் இருக்கும். அதனால் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனால் வீட்டு மாடியில் எடுத்த எண் புத்தக எண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறதே, அது சும்மா வராது.

பாரிமுனை_கடைக்காரன் · 5 பிப்ரவரி

நான் இந்த டப்பாக்களை விற்பவன். அதனால் என்னைச் சந்தேகத்தோடே படியுங்கள்.

டப்பாவின் பின்பக்கம் யாராவது படித்தீர்களா? இந்த மாதிரி மெல்லிய ஸ்ப்ரேக்களில் பாதிக்கு மேல் கரைப்பான், அது ஆவியாகப் போவதற்கென்றே இருப்பது. மீதி மெல்லிய எண்ணெய்ப் படலம். ஈரத்தை விரட்டும், இறுகியதை இளக்கும், வீட்டுக்குள் கொஞ்ச நாள் துருவைத் தள்ளிப்போடும். டபிள்யூடி-40 என்ற பிரபல ஸ்ப்ரேயின் பெயரிலேயே அது இருக்கிறது: வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், 40வது முயற்சி. 1953ல் அமெரிக்காவில் ராக்கெட் வேலைக்காகத் தயாரித்த கலவை. நீரை இடம்பெயர்ப்பதுதான் அதன் வேலையே. வெட்டவெளியில் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு "தாங்கவில்லை" என்றால், குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நனைந்துவிட்டேன் என்பது மாதிரி.

மெழுகு போலக் கெட்டியாகப் படியும் துரு தடுப்பு ஸ்ப்ரே வேறு ரகம், விலையும் கூட. அதை நீங்கள் சோதிக்கவே இல்லை.

உப்புக்காத்து · 5 பிப்ரவரி

டபிள்யூடி-40 ஏயும் இல்லை பியும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் ஐயா, கீலுக்கு என்று கேட்டபோது கடையில் எடுத்துக் கொடுத்தது அந்த டப்பாவைத்தான். பின்பக்க எழுத்து எறும்பு சைஸ்.

பாரிமுனை_கடைக்காரன் · 5 பிப்ரவரி

என் கடையாக இருக்காது என்று நம்புகிறேன்.

பெரம்பூர்_விஜி · 5 பிப்ரவரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சோதனை என்றதும் எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. கரன்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் வாங்கியபோது என் வீட்டுக்காரர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வாங்கி, பழைய ஃபேன் 74, புதுசு 31 என்று காட்டிப் பெருமைப்பட்டார். அப்புறம் அவர் அம்மா, "காத்து வரலையேப்பா" என்றார். வாட்டை அளந்தவர் காற்றை அளக்கவில்லை! ஸ்டார் லேபிளில் சர்வீஸ் வேல்யூ என்று ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்தால் வருவது. அதிலும் பாருங்கள், காற்றைக் குறைத்து வாட்டை அதைவிட அதிகமாகக் குறைத்தால் எண் நன்றாகத்தான் வரும். அதனால் காற்றளவு எண்ணையும் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கன மீட்டர் என்பது கீழ் வரம்பு, நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

எது முக்கியமோ அதை விட்டுவிட்டு எது அளக்க எளிதோ அதை அளக்கிறோம் என்று தோன்றுகிறது. அத்தைக்குப் பழைய ஃபேனையே திரும்ப மாட்டிவிட்டோம்.

புதுப்பேட்டை_மெக்கானிக் · 5 பிப்ரவரி

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆயில் வீடியோக்களில் ஒரு மோட்டார், சுற்றும் ஒரு வளையம், மேலே ஒரு பேரிங், அதில் எடை தொங்கவிட்டு எந்த ஆயில் நிற்காமல் ஓடுகிறது என்று காட்டுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது. வழுக்கல் அதிகமானால் கிளட்ச் பிடிக்காது, அதற்குத்தான் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 தரக் குறியை டப்பாவில் போடுகிறார்கள். அந்த வளையத்தில் ஜெயித்த ஆயிலை ஊற்றிவிட்டு, கிளட்ச் நழுவுகிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எனக்கு வருமானம்.

இறுகின போல்ட்டைக் கழற்றும் எண்ணெய்க்குச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். துருப்பிடித்த இரண்டு போல்ட் ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று விரலால் வரும், பக்கத்தில் இருப்பது தலை முறிந்துதான் வரும்.

கொளத்தூர்_குமரன் · 6 பிப்ரவரி

எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நான் கேட்டது அப்படியே நிற்கிறது. பெயர் போடாவிட்டால் கம்பெனிக்கு ஏன் உறைக்கும்? அமெரிக்காவில் பொருள்களைச் சோதித்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 1936லிருந்து பெயரோடு போடுகிறது. ஜெர்மனியில் அதே வேலை செய்யும் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் அமைப்பு 1966லிருந்து போடுகிறது. நம் ஊரில் மட்டும் என்ன பயம்? காசு வாங்கிக்கொண்டு பொய் விளம்பரம் செய்கிறவர்களுக்கே 2019 நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம். காசு வாங்காமல் உண்மை சொல்ல என்ன தயக்கம்?

லேப்_ரிட்டயர்டு · 6 பிப்ரவரி

தம்பி, அவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி அனுப்பும் மாதிரியைத் தொடுவதில்லை. யார் என்று சொல்லாமல் கடையில் போய் வாங்குகிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. அங்கே சந்தா கட்டிப் படிக்க லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது. இங்கேயும் செய்தவர்கள் உண்டு: அகமதாபாத்தில் சிஇஆர்சி என்ற நுகர்வோர் அமைப்பு 1978லிருந்து இருக்கிறது, சொந்த ஆய்வகமும் வைத்தார்கள். டெல்லியில் கன்ஸ்யூமர் வாய்ஸ் என்று இன்னொன்று. பெயரோடுதான் வெளியிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிப் படித்தோம்? நான் வாங்கியதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆய்வகச் சோதனையும் வேதவாக்கு இல்லை. உப்புமூட்டச் சோதனை என்று ஒன்று உண்டு, ஏஎஸ்டிஎம் பி117. மூடிய பெட்டியில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புத் தண்ணீரைப் பனி மாதிரி விடாமல் தெளிப்பது. என் வாழ்க்கையில் பாதி அந்தப் பெட்டிக்கு முன்னால் போனது. வந்த சரக்கு போன மாதச் சரக்கு மாதிரியே இருக்கிறதா என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் அதில் 500 மணி நேரம் தாங்கினால் திருவான்மியூரில் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியில் பகல் இல்லை, காய்வதும் இல்லை. நிஜத் துரு நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வளர்வது. அதனால்தான் காரைக்குடி மின்வேதியியல் நிறுவனமே மண்டபத்தில் கடற்கரை ஓரம் தகடுகளை வெயிலில் வைத்துச் சோதிக்க ஒரு நிலையம் வைத்திருக்கிறது. நம் நண்பர் செய்ததும் அந்த ஜாதி வேலைதான், துணிக்கொடி மட்டும் கூடுதல்.

தி.நகர்_வக்கீல்_குமாஸ்தா · 6 பிப்ரவரி

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் ஒன்றைப் பற்றி யூடியூபர் ஒருவர் வீட்டுச் சோதனை செய்து காட்டி, பிரபல பிராண்டு சரியில்லை என்று வீடியோ போட்டார். கம்பெனி வழக்குப் போட்டது. 2020 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. மேல்முறையீடும் நடந்தது. நீ எதை, எப்படிச் சோதித்தாய், அதிலிருந்து இந்த முடிவு வருமா என்பதுதான் அங்கே கேள்வியாக நின்றது. லேப் சார் முதல் நாளே கேட்ட அதே கேள்விகள். அவர் கேட்டால் இழையில் பதில் சொல்லலாம், அங்கே கேட்டால் ஃபீஸ் கட்ட வேண்டும்.

உப்புக்காத்து · 6 பிப்ரவரி

வக்கீல் நோட்டீஸ் பயம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் போடாததற்கு முதல் காரணம் அது இல்லை. நான் வாங்கியது ஏயில் ஒரு டப்பா, பியில் ஒரு டப்பா. மூன்று துண்டு வைத்தேன் என்று பெருமைப்பட்டேன், மூன்றுக்கும் அடித்தது ஒரே டப்பாவிலிருந்து! அந்த டப்பா கடை வாசலில் வெயிலில் இரண்டு வருடம் நின்றதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். என்னிடம் இருப்பது ஒரு டப்பாவைப் பற்றிய செய்தி, ஒரு கம்பெனியைப் பற்றியது இல்லை. குமரன், உங்கள் ஓட்டல் சாம்பாரும் அப்படித்தான். ஒரு நாள் ஊசியதற்குப் போர்டைக் கழற்ற முடியுமா?

எலுமிச்சை உப்பு முடிவு வந்துவிட்டது. துருவே இல்லாத இரண்டு துண்டும் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 0.05 கிராம் இழந்தன. எல்லா எண்ணிலும் 0.05 கழித்துக்கொள்ளுங்கள். கிரீஸின் 0.09 இப்போது 0.04. நான் துரு என்று எழுதியதில் பாதிக்கு மேல் என் கைவேலை. ஆசாரி மூன்றாவது முறை பார்த்தபோது டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கொளத்தூர்_குமரன் · 6 பிப்ரவரி

சரி, சாம்பாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பி எது என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. சிவப்பு மூடி, பெயர் [நெறியாளரால் நீக்கப்பட்டது].

நெறியாளர் · 6 பிப்ரவரி

ஊகத்துக்கு இங்கே இடமில்லை, குமரன்.

பாரிமுனை_கடைக்காரன் · 6 பிப்ரவரி

அவர் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சிவப்பு மூடியில் என் கடையிலேயே நான்கு இருக்கிறது.

பெரம்பூர்_விஜி · 7 பிப்ரவரி

அப்போ கேட்டின் கீலுக்கு என்னதான் போடுவது? அதைச் சொல்லாமலே மூன்று நாள் ஓடிவிட்டது.

புதுப்பேட்டை_மெக்கானிக் · 7 பிப்ரவரி

கிரீஸ் அக்கா. மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை. பழைய கிரீஸைத் துணியால் வழித்துவிட்டுப் போடுங்கள், மண் சேர்ந்த கிரீஸ் அரம் மாதிரி தேய்க்கும். கை படும் இடத்தில் மட்டும் வேண்டாம், வேட்டி சேலை எல்லாம் போய்விடும். பூட்டுக்குள் கிரீஸ் போடவே கூடாது, அதற்கு கிராஃபைட் பொடி. வேஸ்ட் ஆயில் நடுவாக வந்திருக்கிறதே என்று அதைத் தடவாதீர்கள், கையிலும் படக்கூடாது, மழையில் ஒழுகி மண்ணில் போகும்.

உப்புக்காத்து · 7 பிப்ரவரி

இந்த ஆகஸ்டில் மறுபடி போடுகிறேன். இந்த முறை மெழுகு ஸ்ப்ரேயும் உண்டு. ஒவ்வொரு பிராண்டிலும் மூன்று டப்பா, மூன்று வேறு கடையில். டப்பாவுக்குக் காகிதம் சுற்றி எண் போடுவது என் மனைவி, எது எது என்று எடை முடியும்வரை எனக்கே தெரியாது. வரிசையைப் பையன் குலுக்கல் சீட்டில் எடுப்பான். தொட்டிப் பக்கம் எதுவும் தொங்காது.

என் மாடி ஒன்றை மட்டும் வைத்துச் சென்னை என்று சொல்ல முடியாது. எண்ணூர் பக்கம் யாராவது, உள்ளே தாம்பரம், ஆவடி பக்கம் யாராவது ஒரு கயிறு கட்ட இடம் தருவீர்களா? துண்டு, கயிறு எல்லாம் நான் கொண்டுவந்து தருகிறேன்.

ஆவடி_சுந்தரி · 7 பிப்ரவரி

எங்கள் மாடியில் இடம் இருக்கிறது. ஆனால் வடகம் காயப்போடும் கயிறு அதுதான், மே மாதம் வரை தர முடியாது. ஆகஸ்ட் என்றால் சரி. எத்தனை துண்டு?

உப்புக்காத்து · 7 பிப்ரவரி

27 அக்கா. வடகக் கயிறு வேண்டாம், கிரீஸ் ஒட்டும். புதுக் கயிறு தருகிறேன்.

லேப்_ரிட்டயர்டு · 7 பிப்ரவரி

30 ஆக வெட்டுங்கள். மூன்று வெறும் துண்டு வீட்டுக்குள் பீரோவில் இருக்கட்டும், எலுமிச்சை உப்புக்கு வேண்டும்.